பிள்ளையைப் பிரிக்கலாம், பணம் கொடுக்கச் சொல்ல முடியாது: இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்றத்தின் எல்லை

இங்கிலாந்தில் ஒரு குடும்ப நீதிமன்ற நீதிபதி, ஒரு பிள்ளையைப் பெற்ற தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்து, முன்பின் அறியாத குடும்பம் ஒன்றுக்குத் தத்துக் கொடுக்க வழிவிடும் ஆணையைப் பிறப்பிக்கலாம். ஆனால் அதே தாய் அந்தப் பிள்ளையைத் தன்னோடு வைத்திருப்பதற்கு உதவக்கூடிய ஆறு மாதச் சிகிச்சைக்குப் பணம் செலுத்துமாறு உள்ளூராட்சி சபையான கவுன்சிலுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் இல்லை. இதை முதன்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. லண்டனில் எங்கள் தமிழ் ஆட்களுக்காக நடக்கும் ஆலோசனை நிலையம் ஒன்றில் வார இறுதிகளில் தன்னார்வலராக இருக்கும் எனக்கு, இந்த நம்பாமை மிகவும் பழக்கமானது. “ஜட்ஜே சொல்லிப்போட்டார், எனக்குக் கவுன்சிலிங் வேணுமெண்டு. பிறகேன் தம்பி கவுன்சில் ஏலாதெண்டுது?” என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. சற்று நீளமான பதில் இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

பிள்ளைகள் தொடர்பான வழக்குகள் மூடிய அறைக்குள் நடப்பவை. நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவற்றின் விபரங்களை வெளியிடுவது சட்டப்படி தடுக்கப்பட்டது. ஆகவே எங்களிடம் வருபவர்களின் வழக்குகளைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். உயர்நிலை நீதிமன்றங்கள் பெயர்களை மறைத்து வெளியிட்ட தீர்ப்புகளே போதுமானவை. பிரச்சினையின் முழு உருவமும் அவற்றிலேயே தெரிகிறது. நான் சட்டத்தரணி அல்லன் என்பதையும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வேலையை இரண்டாகப் பங்கிட்டிருக்கிறது. பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நேர்ந்ததா, நேரக்கூடுமா, பிள்ளையைக் கவுன்சிலின் பொறுப்பில் ஒப்படைக்கும் பராமரிப்பு ஆணை தேவையா என்பவற்றை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆணை வழங்கப்பட்ட பின்னர் பிள்ளை எங்கே தங்க வேண்டும், குடும்பத்துக்கு என்ன உதவி, எந்தச் சேவை, எவ்வளவு காலம் என்பவற்றைக் கவுன்சில் தீர்மானிக்கும். கவுன்சிலின் முடிவுகளுக்குள் நீதிமன்றம் கைவைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்துக்கும் முந்திய கொள்கை. லிவர்பூல் நகர சபை தொடர்பான வழக்கில், அப்போது நாட்டின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1981இலேயே அதைச் சொல்லிவிட்டது. உதவி தேவைப்படும் பிள்ளைகளின் நலனைக் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு கவுன்சில்கள் மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது. ஆனால் 2003இல் பார்னெட் கவுன்சில் வழக்கில், அது ஒரு பிரதேசத்தின் பிள்ளைகள் அனைவருக்குமான பொதுக் கடமை என்றும், தனியொரு பிள்ளை அதைக் காட்டி ‘எனக்கு இன்னதைத் தா’ என்று நீதிமன்றத்தின் மூலம் கேட்டுப் பெற முடியாது என்றும் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முடிவாயிற்று. இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை என்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

இந்தப் பங்கீட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, இடைக்கால ஆணையின் கீழ் இருக்கும் பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனையோ மனநலப் பரிசோதனையோ ‘வேறு மதிப்பீடோ’ செய்யுமாறு நீதிமன்றம் பணிக்கலாம் என்று 38ஆவது பிரிவின் 6ஆம் உட்பிரிவு சொல்கிறது. இந்தக் கதவு எவ்வளவு அகலம் என்பதைப் பற்றித்தான் முக்கியமான சண்டைகள் எல்லாம் நடந்தன.

முதலாவது சண்டை 1996 நவம்பரில் பிரபுக்கள் சபையில் முடிந்தது. கைக்குழந்தை ஒன்றுக்குக் கடுமையான காயங்கள் ஏற்பட்டிருந்தன. அவை தற்செயலாக ஏற்பட்டவையாகத் தெரியவில்லை. தாய்க்கு 17 வயது, தந்தைக்கு 16. பெற்றோரையும் குழந்தையையும் ஒரே இடத்தில் தங்கவைத்து, நாள் முழுவதும் அவதானித்து, இவர்களிடம் குழந்தையை ஒப்படைக்கலாமா என்று பார்க்க வேண்டும் என்பது சமூகப் பணியாளர்களின் பரிந்துரை. அதற்கு 18,000 முதல் 24,000 பவுண் வரை செலவாகும் என்று கணக்கிடப்பட்டது. கவுன்சில் மறுத்தது. சட்டம் ‘பிள்ளையின் மதிப்பீடு’ பற்றித்தான் பேசுகிறது, இதுவோ பெற்றோரின் மதிப்பீடு என்பது அதன் வாதம். தீர்ப்பை எழுதிய லோர்ட் பிரௌன்-வில்கின்சன் அதை ஏற்கவில்லை. பால்குடி மறவாத ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து தனியாக எடுத்து எதை மதிப்பிடுவது என்பதே அவரது பதிலின் சாரம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றையும் அவர் சொன்னார். தீர்ப்புக்குத் தேவையான தகவலைத் திரட்ட விடாமல் கவுன்சிலால் தடுக்க முடியுமானால், வழக்கின் முடிவையும் கவுன்சிலே எழுதிவிடும். ஆகவே நீதிமன்றம் மதிப்பீட்டுக்கு உத்தரவிடலாம். ஆனால் உத்தரவிடும் முன் செலவையும் கவுன்சிலின் நிதி நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிடாது என்பது அன்றைய நிலை.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கதவு வழியாகப் பலர் நுழைந்தார்கள். லண்டனில் ரிச்மண்டுக்கு அருகே ஹாம் என்ற இடத்தில் காசெல் என்றொரு மனநல மருத்துவமனை இருக்கிறது. முழுக் குடும்பத்தையும் உள்ளே தங்கவைத்து, பெற்றோருக்கு நீண்டகால உளவியல் சிகிச்சை கொடுத்தபடியே, அவர்கள் பிள்ளையோடு எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது அங்கே நடைமுறையாக இருந்தது. சிகிச்சை எங்கே முடிகிறது, மதிப்பீடு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்திருந்தன. கென்ட் கவுன்டி கவுன்சில் தொடர்பான வழக்கு இந்த இடத்தில்தான் பிறந்தது. அந்தத் தாயின் முந்தைய குழந்தை ஒன்று, தற்செயலாக ஏற்பட்டிராத காயங்களால் இறந்திருந்தது. புதிதாகப் பிறந்த பெண் குழந்தையோடு பெற்றோர் காசெலில் சில வாரங்கள் மதிப்பீட்டுக்காகத் தங்கினார்கள். முன்னேற்றம் தெரிகிறது, இன்னும் பல மாதங்கள் தொடர வேண்டும் என்று மருத்துவமனை சொன்னது. யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது. கவுன்சில் மறுத்தது, தேசிய சுகாதார சேவையும் முன்வரவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் நின்றது.

2005 நவம்பரில் பிரபுக்கள் சபை அந்த முடிவை மாற்றியது. நீதிமன்றம் பணிக்கக்கூடியது தகவல் திரட்டுவதை மட்டுமே, மாற்றத்தை உண்டாக்குவதை அல்ல என்று சொல்லியது. லோர்ட் ஸ்கொட் எழுதிய முதன்மைத் தீர்ப்பின்படி, உத்தரவின் மையம் பிள்ளையாக இருக்க வேண்டும். பெற்றோருக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் உளச் சிகிச்சை அந்த வரம்புக்குள் வராது. பெற்றோர் தங்கள் குடும்ப வாழ்வுக்கான மனித உரிமையைக் காட்டியபோது, பொதுப் பணத்தில் தன்னை இன்னும் நல்ல பெற்றோராக மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை எதுவும் அதில் அடங்கவில்லை என்றார். அதே அமர்வில் இருந்த நீதிபதி பரனெஸ் ஹேல் அந்தப் பிரிவு பிறந்த வரலாற்றை விரிவாக எடுத்துரைத்து, சிகிச்சைக்கும் நீதிமன்றமே பொறுப்பாக வேண்டும் என்று சட்டம் இயற்றியவர்கள் நினைத்திருந்தால் அதை அவர்கள் எழுதியிருப்பார்கள் என்றார். காசெலில் அந்தக் குடும்பத்தின் சிகிச்சை அதற்குள் முடிந்துவிட்டிருந்ததால், அவர்களுக்கு அந்தத் தீர்ப்பினால் நேரடியான பாதிப்பு இருக்கவில்லை. பாதிப்பு அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு.

இந்தத் தீர்ப்பை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். சட்டத்தை வாசித்த விதத்தில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. குறை இருப்பதாகவும் தோன்றவில்லை. ஆனால் அது எழுப்பும் சுவர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘இந்தத் தாயால் மாற முடியுமா’ என்பது தகவல் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் தேட நீதிமன்றம் உத்தரவிடலாம். ‘மாறுவதற்கு அவளுக்கு உதவு’ என்பது சேவை பற்றிய கேள்வி. அதற்கு உத்தரவிட முடியாது. போதைப் பழக்கத்திலோ, போர்க்காலத்து மனக்காயத்திலோ, அடித்துத் துன்புறுத்தும் கணவனோடு கழித்த ஆண்டுகளின் பயத்திலோ சிக்கியிருக்கும் ஒருவரைப் பொறுத்தவரை, உதவி கொடுத்துப் பார்க்காமல் அவரால் மாற முடியுமா என்று எப்படி அறிவது? இரண்டையும் பிரிப்பது காகிதத்தில் எளிது. வாழ்க்கையில் அவை ஒன்றாகவே வருகின்றன.

நாடாளுமன்றம் பின்னர் கதவை மேலும் ஒடுக்கியது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கை நீதியாகத் தீர்ப்பதற்கு அவசியம் என்றால் மட்டுமே மதிப்பீட்டுக்கு உத்தரவிடலாம். செலவையும், வழக்கு எவ்வளவு தாமதமாகும் என்பதையும் நீதிபதி கணக்கில் எடுத்தாக வேண்டும். பராமரிப்பு வழக்குகளை 26 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் அதே சட்டத்தில்தான் வந்தது. பிள்ளையின் வாழ்க்கை ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் தொங்கக் கூடாது என்ற நோக்கம் நல்லது. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு மனநல சேவையின் காத்திருப்புப் பட்டியல் அந்த 26 வாரங்களை விட நீளமாக இருக்குமானால், அந்தப் பட்டியலே வழக்கைத் தீர்த்துவிடுகிறது.

பெற்றோர் தமக்குள் பிரிந்து பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்காடும்போதும் இதே எல்லை குறுக்கே வருகிறது. ரிச்மண்ட் கவுன்சில் தொடர்பாக 2009 பெப்ரவரியில் வந்த தீர்ப்பு அதற்கு எடுத்துக்காட்டு. பிரிந்த தாயும் தந்தையும் உடன்பட்டு, பிள்ளைகள் ஒரு வாரம் தாயிடம், மறு வாரம் தந்தையிடம் என்று குடும்ப நீதிமன்றத்தில் ஆணை பெற்றார்கள். வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்த தந்தை, என் பிள்ளைகள் பாதி நேரம் என்னுடன் இருக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, எனவே எனக்கும் பிள்ளைகள் தங்கக்கூடிய வீடு தர வேண்டும் என்று கவுன்சிலிடம் கேட்டார். கவுன்சில் மறுத்தது, பிரபுக்கள் சபையும் கவுன்சில் பக்கமே நின்றது. தாயின் வீட்டில் ஏற்கெனவே தங்க இடமுள்ள பிள்ளைகளுக்கு, வீட்டுப் பற்றாக்குறை நிலவும் நாட்டில், பொதுச் செலவில் இன்னொரு வீடும் எதிர்பார்க்கத் தகுந்ததா என்பதைத் தீர்மானிப்பது வீட்டு வசதிப் பிரிவின் வேலை என்று லோர்ட் ஹொஃப்மன் விளக்கினார். குடும்ப நீதிமன்றம் இருக்கின்ற வழிகளுள் பிள்ளைக்கு எது நல்லது என்று தேர்ந்தெடுக்கலாம், பெற்றோர் யோசிக்காத வழியைக்கூட யோசிக்கலாம், ஆனால் இல்லாத வழியை உண்டாக்க முடியாது என்று பரனெஸ் ஹேல் எழுதினார். கவுன்சிலிடமிருந்து வீடு பெறுவதற்கான நெம்புகோலாக அந்த ஆணையைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எச்சரித்தார். பிரிந்து வாழும் எங்கள் தகப்பன்மார் பலர், கையில் ஆணை இருந்தால் வீடு கிடைத்துவிடும் என்று நம்பி, சட்டத்தரணிக்குச் செலவழித்து அதைப் பெறுகிறார்கள். பின்னர் ஒற்றை அறையில் பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். இந்தத் தீர்ப்பைப் பற்றி யாரேனும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் இருந்திராது.

இந்த எல்லை ஏன் இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீதிபதியின் முன்னால் இருப்பது ஒரு பிள்ளை. கவுன்சிலின் முன்னால் இருப்பது அந்தப் பிரதேசத்தின் எல்லாப் பிள்ளைகளும், அவர்களோடு முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும். ஒரு நீதிபதி, தன் முன்னே அழுதுகொண்டு நிற்கும் தாயின் துயரத்தால் நெகிழ்ந்து பெரும் தொகையொன்றை ஒதுக்கச் சொன்னால், அந்தப் பணம் அன்று நீதிமன்றத்துக்கு வராத வேறொரு பிள்ளையிடமிருந்துதான் எடுக்கப்படும். அந்தப் பிள்ளைக்காகப் பேச அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். கவுன்சிலர்களை வாக்காளர்கள் மாற்றலாம்; நீதிபதியை மாற்ற முடியாது. எங்கள் மக்கள் நிறையப் பேர் வாழும் குரொய்டன் கவுன்சில் 2020இல், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்தது. 2023இல் பேர்மிங்காம் அதே அறிவித்தலை விடுத்தது. கஜானா காலியான கவுன்சிலுக்கு உத்தரவு போட்டு என்ன பயன் என்ற கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்கப்படுவது அல்ல.

ஆகவே எல்லை இருப்பதை நான் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது, அந்த எல்லை தாள்களில் மறைந்துபோகும் விதத்தை. பணம் கொடுக்க முடியாது என்பது கவுன்சிலின் முடிவு. ஆனால் வழக்கின் கடைசி அறிக்கையில் அது பெரும்பாலும் அப்படி எழுதப்படுவதில்லை. ‘தாய் சேவையைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை’, ‘பிள்ளையின் கால அளவுக்குள் தாயால் மாற்றத்தைக் காட்ட இயலவில்லை’ என்ற வரிகளாக அது உருமாறி வருகிறது. நிலையத்துக்குக் கொண்டுவரப்படும் கோப்புகளைப் புரட்டும்போது இது கண்ணில் படும். மார்ச் மாதத் திட்டத்தில் ‘உளச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படும்’ என்று ஒரு வரி. மே மாதக் கூட்டக் குறிப்பில் ‘பரிந்துரை நிதிக் குழுவின் முன் உள்ளது’. ஜூலையில் அதைப் பற்றி எந்த வரியும் இல்லை. செப்டெம்பரில் தாயின் குறைபாடுகளைப் பற்றி இரண்டு பக்கங்கள். நிதிக் குழு என்ன முடிவெடுத்தது, யார் எடுத்தார்கள், எந்தக் காரணத்துக்காக என்பதைச் சொல்லும் ஒரு தாளும் அந்தக் கோப்பில் இருக்காது. பல தாய்மார்கள் அந்தக் குழு என்றொன்று இருப்பதையே அறியாமல் தங்கள் பிள்ளையை இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இதற்கு எதிரான ஆயுதம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2013இல் தத்தெடுப்பு தொடர்பாக மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய, சட்டத்தரணிகள் ‘பி-எஸ்’ என்று குறிப்பிடும் தீர்ப்பில், சர் ஜேம்ஸ் மன்பி ஒரு விடயத்தை அழுத்தமாகச் சொன்னார்: கடுமை குறைந்த ஆணையோடு சேர்ந்து கொடுக்க வேண்டிய உதவியைக் கொடுக்க விருப்பமோ வசதியோ இல்லை என்பதற்காகக் கவுன்சில் கடுமையான ஆணையைக் கேட்க முடியாது. வளப் பற்றாக்குறை கவுன்சிலின் சிந்தனையைப் பாதிக்கிறது என்று சந்தேகிக்க இடமிருந்தால், நீதிபதி அதைத் துருவிக் கேட்க வேண்டும். அதாவது, பணம் கொடு என்று உத்தரவிட முடியாத அதே நீதிபதி, ‘பணத்துக்காகவா இதைக் கேட்கிறீர்கள்?’ என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வழக்கை ஒத்திவைத்து, கவுன்சிலின் உயர் அதிகாரி ஒருவரிடமிருந்து எழுத்துமூல விளக்கம் பெறலாம். திட்டத்தை மீள யோசிக்கும்படி கேட்கலாம். கவுன்சில் விரும்பிய ஆணையைக் கொடுக்க மறுக்கலாம். இறுதிப் பராமரிப்பு ஆணை கொடுத்துவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பு முடிந்துவிடும். ஆணைக்குப் பின்னரும் திட்டத்தின் முக்கிய படிகளுக்கு நட்சத்திரக் குறியிட்டு நீதிமன்றம் கண்காணிக்கலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் ஒரு முறையை வகுத்தபோது, மறு ஆண்டே லோர்ட் நிக்கல்ஸ் தலைமையில் பிரபுக்கள் சபை அதை நீக்கிவிட்டது.

கேட்பதற்கும் கெஞ்சுவதற்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைவு என்பதை 2017 ஓகஸ்டில் வந்த ஒரு தீர்ப்பு காட்டியது. தன்னைத்தானே கொன்றுகொள்ளத் திரும்பத் திரும்ப முயன்ற 17 வயதுப் பெண்ணொருத்தி, தடுப்பு நிலையத்திலிருந்து விடுதலையாகச் சில நாட்களே இருந்தன. அவளுக்கேற்ற மனநல மருத்துவமனைப் படுக்கை நாட்டில் எங்கும் கிடைக்கவில்லை. குடும்ப நீதிப் பிரிவின் தலைவராக இருந்த அதே மன்பி, தன்னால் இதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை என்பதை எண்ணி மனிதனாகவும் குடிமகனாகவும் வெட்கப்படுவதாக எழுதினார். தகுந்த இடம் கிடைக்காமல் அவள் மீண்டும் தன் உயிரைப் போக்க முயன்றால் நம் கைகளில் இரத்தம் படியும் என்றார். தீர்ப்பின் பிரதியை அமைச்சர்களுக்கும் சுகாதார சேவையின் தலைமைக்கும் அனுப்பச் சொன்னார். செய்தி நாடெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் படுக்கை கிடைத்தது. உத்தரவுக்குக் கிடைக்காத படுக்கை வெட்கத்துக்குக் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் நாட்டின் தலைமைக் குடும்ப நீதிபதி பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் பேச முடியாது. பாதுகாப்பான விடுதிகளின் பற்றாக்குறை 2021இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோதும், அங்கிருந்த நீதிபதிகளால் அதைக் கடுமையாகக் கண்டிக்கத்தான் முடிந்தது.

நாடாளுமன்றமே அதிகாரம் கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பதும் பார்க்கத் தகுந்தது. 2013 ஏப்ரலில், பெற்றோர் தமக்குள் நடத்தும் தனிப்பட்ட குடும்ப வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. அதன் விளைவாக, துன்புறுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரே எழுந்து நின்று, குற்றஞ்சாட்டிய பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்யும் கொடுமை உருவானது. ஒரு வழக்கில், பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்ட தந்தைமீது, தாயின் மூத்த மகள் பாலியல் குற்றச்சாட்டு வைத்திருந்தாள். அந்த 17 வயதுப் பெண்ணை அவரே கேள்வி கேட்பது தகாது என்று கருதிய நீதிபதி, அவருக்காக ஒரு சட்டத்தரணியை அமர்த்தி, அதற்கு நீதிமன்ற நிர்வாகம் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. சட்ட உதவிக்கான எல்லையை நாடாளுமன்றம் வரைந்திருக்கிறது, நீதிபதி அதைத் தாண்ட முடியாது, வேண்டுமானால் தானே அந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்றார் லோர்ட் டைசன். நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின. 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், அப்படிப்பட்ட நேரடிக் குறுக்கு விசாரணையைத் தடுத்து, பொதுப் பணத்தில் சட்டத்தரணி ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் கொடுக்கப்படும் கட்டணத்துக்கு முன்வரும் சட்டத்தரணிகள் போதவில்லை. யாரும் கிடைக்காவிட்டால் நீதிபதி என்ன செய்ய வேண்டும் என்று 2024இல் அப்போதைய குடும்ப நீதிப் பிரிவின் தலைவர் சர் அன்ட்ரூ மக்ஃபார்லன் தனியாக ஒரு தீர்ப்பில் வழிகாட்ட வேண்டியிருந்தது. பல இடங்களில் அந்த வழி, 2015இல் சொல்லப்பட்டதைப் போலவே, நீதிபதி தானே கேள்விகளைக் கேட்பதாக முடிகிறது. அதிகாரத்தோடு பணமும் ஆட்களும் சேர்ந்து வராவிட்டால் அது எவ்வளவு மெலிந்துபோகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உத்தரவே இல்லாமல் சேவை வந்துசேர்ந்த இடமும் ஒன்று உண்டு. மாவட்ட நீதிபதி நிக்கலஸ் கிரைட்டன் 2008இல் லண்டனில் தொடங்கிய, போதையும் மதுவும் காரணமான குடும்ப வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் அது. அங்கே சிகிச்சைக் குழு முதல் நாளிலிருந்தே வழக்கோடு இணைந்திருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தாயோ தந்தையோ சட்டத்தரணி இல்லாமல் அதே நீதிபதியின் முன் நேரே அமர்ந்து, இந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று பேசுகிறார். புருனெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கே போதையை விட்ட தாய்மார்களும், பிள்ளைகளோடு மீண்டும் சேர்ந்தவர்களும் அதிக விகிதத்தில் இருந்தார்கள். இங்கே யாரும் கவுன்சிலுக்குப் பணம் கொடு என்று ஆணையிடவில்லை. மத்திய அரசின் திணைக்களங்களும் கவுன்சில்களும் முன்கூட்டியே உடன்பட்டுக் குழுவுக்கான செலவை ஏற்றுக்கொண்டன. அதனாலேயே அது பலவீனமும் ஆகிறது. பணம் நின்றால் குழு கலைந்துவிடும். அந்த நீதிமன்றங்களுக்கு ஆதரவாக இயங்கிய தேசிய அலகு, நிதி இல்லாமல் 2018இல் மூடப்பட்டது. வேறொரு அமைப்பு அந்தப் பணியைப் பின்னர் ஏற்றது. இன்றும் பல பகுதிகளில் இப்படியொரு நீதிமன்றம் இல்லை. ஒரு தாய்க்கு இந்த வாய்ப்புக் கிடைக்குமா என்பதை அவளுடைய முகவரி தீர்மானிக்கிறது. இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

நாடாளுமன்றம் செய்யக்கூடியது என்று நான் கருதுவது பெரிய மாற்றம் அல்ல. நீதிபதிக்குக் கவுன்சிலின் கஜானாத் திறப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையை நிரந்தரமாகப் பிரிக்கும் ஆணையைக் கேட்கும் எந்தக் கவுன்சிலும், குடும்பத்துக்கு எந்தெந்தச் சேவை பரிந்துரைக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, யார் மறுத்தார்கள், அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்பவற்றைக் கையொப்பமிட்ட அறிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். மறுக்கும் உரிமை கவுன்சிலுக்கு இருக்கட்டும். மறுத்த கை யாருடையது என்பது பிள்ளையின் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை தன் கோப்பைக் கேட்டு வாங்கி வாசிக்கும்போது, தன் தாய் முயலவே இல்லை என்று தவறாக நம்பிவிடக் கூடாது.

அதுவரை, இப்படிப்பட்ட வழக்கில் சிக்கியிருக்கும் பெற்றோர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கவுன்சில் பராமரிப்பு ஆணை கேட்டு வழக்குத் தொடுத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெற்றோருக்குச் சட்ட உதவி கிடைக்கும். கவுன்சிலின் கடிதம் வந்த அன்றே சட்டத்தரணியைத் தேடுங்கள். எந்தச் சேவையைப் பற்றிப் பேசினாலும், அது எப்போது தொடங்கும், யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னால், சொன்னதை அன்றிரவே மின்னஞ்சலாக எழுதிச் சமூகப் பணியாளருக்கு அனுப்பி, சரிதானா என்று கேளுங்கள். தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதித் தர எங்களைப் போன்ற நிலையங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். நிதிக் குழு மறுத்துவிட்டது என்று தெரிந்தால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் தரும்படி சட்டத்தரணியைக் கொண்டு கேட்கவையுங்கள். கவுன்சிலின் மறுப்பு சட்டத்துக்கு முரணானது என்று வாதிட, குடும்ப நீதிமன்றத்துக்கு வெளியே நிர்வாக நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுக்கவும் வழி இருக்கிறது. அதற்குத் தாமதிக்காமல், எப்படியும் மூன்று மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும், அந்த மூன்று மாதங்கள் மறுப்பு நடந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன.